நாற்பது ஆம்பியர் மாட்டுவதற்கு முன்

(கோவையில் வயர்மேன்களும் பட்டறை உரிமையாளர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நேராகக் கணக்குக்கே போய்விடுகிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இயந்திரங்கள் எத்தனையோ ஓடுகின்றன. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அமெரிக்காவில் 120. அங்கே செய்த அளவைக் கருவியையோ சின்ன கிரைண்டிங் இயந்திரத்தையோ நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருக முடியாது. அதனால் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கிள் ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர் வந்து உட்காருகிறது. 5 கே.வி.ஏ., 230-க்கு 110 என்று வைத்துக்கொள்வோம். பெட்டி வந்து இறங்கியதும் வயர்மேனிடம் கேட்கிற முதல் கேள்வி, இதற்கு எத்தனை ஆம்பியர் எம்.சி.பி. போடுவது என்பதுதான்.

5,000-ஐ 230-ஆல் வகுத்தால் 21.7 ஆம்பியர். கடையில் கிடைப்பது 20, 25, 32, 40. எனவே 25 ஆம்பியர், வழக்கமாகக் கையில் இருக்கும் 'சி' வகை மாட்டப்படுகிறது. சுவிட்சைப் போட்டால் டப்பென்று விழுகிறது. மறுபடி போட்டால் நிற்கிறது. மறுநாள் காலை மறுபடியும் விழுகிறது. இந்த இடத்தில் உரிமையாளர் சொல்வதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள்: "ஏனுங்க, போட்டாலே ட்ரிப் ஆகுதுங்க. பெருசா ஒண்ணு மாட்டிருங்க." நாற்பது மாட்டப்படுகிறது. அதன்பின் விழுவதில்லை, அல்லது எப்போதோ ஒருமுறை விழுகிறது. வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள்.

என் பேச்சு முழுவதும் அந்த நாற்பதைப் பற்றித்தான். அதை மாட்டிய வயர்மேன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் காரணத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை; உரிமையாளருக்கு இயந்திரம் ஓடியாக வேண்டும். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் என்னவெல்லாம் காவல் இழந்து போகின்றன என்று எண்ணிப் பார்த்தால், யாரும் அதை அவ்வளவு எளிதாகச் செய்யமாட்டார்கள்.

முதலில், ஏன் விழுகிறது? அதுவும் ஏன் சில சமயம் மட்டும்?

டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோரில் ஓடும் காந்தப்பாயம் மின்னழுத்தத்தை நாலில் ஒரு சுற்று பின்தங்கித் தொடர்கிறது. மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது பாயம் சுழி; மின்னழுத்தம் சுழியில் இருக்கும்போது பாயம் உச்சம். ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் இது ஒழுங்காக நடக்கும். சுவிட்சைப் போடும் கணத்தில்தான் சிக்கல். மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது உங்கள் கை சுவிட்சைத் தட்டினால், பாயம் சுழியிலிருந்து தொடங்கலாம், தொந்தரவு இல்லை. மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தில் தட்டினால், பாயம் தன் எதிர் உச்சத்தில் இருந்திருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் கோரிலோ பாயம் இல்லை. அடுத்த அரைச் சுற்றில், அதாவது நம் 50 ஹெர்ட்ஸில் 10 மில்லி விநாடிக்குள், அது வழக்கமான உச்சத்தைப் போல இரு மடங்குக்கு ஏறியாக வேண்டும். முந்தைய முறை அணைத்தபோது கோரில் தங்கிய மிச்சக் காந்தமும் அதே திசையில் இருந்துவிட்டால், அதுவும் மேலே சேரும்.

இரும்பு அவ்வளவு பாயத்தைத் தாங்காது. தெவிட்டிவிடும். தெவிட்டிய கணத்தில் கோர் இருந்தும் இல்லாதது போல் ஆகிறது. பிரைமரி காயில் வெறும் செம்புக் கம்பிச் சுருளாக நிற்கிறது. அப்போது பாயும் மின்னோட்டத்துக்குத்தான் இன்ரஷ் என்று பெயர். பொதுவாகக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல 12 மடங்கு, முதல் அரைச் சுற்றில் 25 மடங்கு வரை. நம் 5 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மருக்கு முதல் உச்சம் 500 ஆம்பியரைத் தாண்டலாம். சில சுற்றுகளில் அது தேய்ந்து அடங்கிவிடும். வளைய வடிவக் கோர், அதாவது டொராய்டல் கோர் என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் அதில் காற்றிடைவெளி இல்லை, மிச்சக் காந்தம் அதிகம் தங்கும்.

சில நாள் விழுந்து சில நாள் விழாததன் காரணம் இதுதான். உங்கள் கை சுவிட்சைத் தட்டும் அந்த மில்லி விநாடி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மரிலும் குறை இல்லை, எம்.சி.பி.யிலும் குறை இல்லை.

இன்னொன்றும் நம் பட்டறைகளுக்காகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து இயந்திரத்தோடு கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் வந்திருந்தால் நேம் பிளேட்டைப் படியுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால் எச்சரிக்கை தேவை. அதே மின்னழுத்தத்தை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் கோரில் பாயம் 20 சதவீதம் கூடும். சும்மா இருக்கும்போதே கோர் சூடாகும், உறுமும், இன்ரஷும் பலமாக இருக்கும். எந்த எம்.சி.பி.யை மாட்டியும் அதைச் சரிசெய்ய முடியாது. 50/60 என்று இரண்டும் பொறித்திருந்தால் கவலை இல்லை.

ரிலே வைத்து டிரான்ஸ்ஃபார்மரை ஆன் செய்கிறவர்களுக்கும் ஒரு சொல். சிலர் சாலிட் ஸ்டேட் ரிலே வாங்கும்போது, மின்னழுத்தம் சுழியைக் கடக்கும்போது இணைக்கிற வகையைத் தேடி வாங்குகிறார்கள், அது மென்மையாக இருக்கும் என்று நினைத்து. ஹீட்டருக்கு அது சரி. டிரான்ஸ்ஃபார்மருக்கு அதைவிடக் கெட்ட கணம் கிடையாது. தற்செயலாக எப்போதோ வரும் மோசமான இன்ரஷை ஒவ்வொரு முறையும் வரவழைக்கும் ஏற்பாடு அது.

சரி, எம்.சி.பி.க்கு வருவோம். அதற்குள் இரண்டு தனித்தனி வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒன்று இரட்டை உலோகத் தகடு. சூடேறி மெதுவாக வளைந்து விடுவிக்கும். அது ஓவர்லோடுக்கு. மற்றொன்று சின்ன மின்காந்தம். பெரிய மின்னோட்டம் வந்ததும் கணத்தில் இழுத்து விடுவிக்கும். அது ஷார்ட் சர்க்யூட்டுக்கு. இந்த இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய சிறு பிரேக்கருக்கு ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்து ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் 1924-இல் காப்புரிமை பெற்றது. இன்றும் உள்ளே இருப்பது அதே இரட்டை ஏற்பாடுதான்.

எம்.சி.பி.யின் முகத்தில் எழுதியிருக்கும் எண், அதாவது 25 என்பது, தகட்டுக்கு உரியது. எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்து, பி, சி, டி என்பது, மின்காந்தத்துக்கு உரியது. பி வகை 3 முதல் 5 மடங்குக்குள் கணத்தில் விடுவிக்கும். சி வகை 5 முதல் 10 மடங்கு. டி வகை 10 முதல் 20 மடங்கு. தகடு மூன்றுக்கும் ஒன்றேதான்: 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும்.

இப்போது மூன்று எம்.சி.பி.களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சி 25: 125 ஆம்பியருக்கு மேல் எங்கு வேண்டுமானாலும் கணத்தில் விழலாம். அதனால்தான் காலையில் விழுந்தது. சி 40: அந்த எல்லை 200. டி 25: அந்த எல்லை 250. கவனித்தீர்களா? ஆம்பியரை நாற்பதுக்கு ஏற்றியவர் இன்ரஷுக்கு எதிராகப் பெற்ற பலம், எண்ணை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றியவர் பெற்றதைவிடக் குறைவு. அவர் கொடுத்த விலையோ மிக அதிகம்.

அந்த விலை என்ன? சி 40-இல் 1.13 மடங்கு என்பது 45 ஆம்பியர். அதாவது 21.7 ஆம்பியருக்குச் செய்யப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரில் 45 ஆம்பியர் நாள் முழுக்க ஓடினாலும் அது விழாமல் நிற்கலாம். இரு மடங்குக்கும் மேல். காயிலில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது நான்கு மடங்குக்கும் மேல். இது ஒரே நாளில் எரியாது, அதுதான் ஆபத்து. 1930-இல் மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் காட்டியது, ஏறத்தாழ 8 டிகிரி செல்சியஸ் கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்று. பிற்காலத்தில் 6 முதல் 10 டிகிரி வரை பல கணக்குகள் வந்தன; போக்கு மாறவில்லை. இருபது ஆண்டு ஓட வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் சில மாதங்களில் கருகி, "சரக்கு சரியில்லை" என்ற பழியைச் சுமக்கும்.

டி வகை என்றால் எங்கும் கண்ணை மூடிக்கொண்டு போடலாமா? கூடாது. டி 25 கணத்தில் விழுவது உறுதி என்று சொல்ல 500 ஆம்பியர் வேண்டும். 230 வோல்ட்டில் 500 ஆம்பியர் பாய வேண்டுமானால், லூப் இம்பிடன்ஸ் 0.46 ஓமுக்குள் இருக்க வேண்டும். பட்டறையின் கடைசி மூலைக்கு மெல்லிய கேபிளில் நீண்ட தூரம் இழுத்துப் போயிருந்தால் அது கிடைக்காது. அளக்காமல் டி வகை மாட்டுவது, ஷார்ட் சர்க்யூட்டில் மெதுவான தகட்டை நம்பி நிற்பதுதான். எச்.ஆர்.சி. ஃப்யூஸ் நல்ல மாற்று. சில மில்லி விநாடிச் சூட்டை அது பொறுத்துக்கொள்ளும், பெரிய ஷார்ட்டில் கணத்தில் உருகும். ஆனால் போன ஃப்யூஸுக்குப் பதிலாகக் கம்பியை மடித்துக் கட்டும் பழக்கம் இருக்கும் இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்ரஷையே குறைக்கவும் வழி உண்டு: பிரைமரியில் தொடராக ஒரு தடையை வைத்து, சில சுற்றுகள் கழிந்ததும் ஒரு கான்டாக்டர் அதைத் தாண்டி இணைத்துவிடும் ஏற்பாடு. பெரிய டொராய்டல்களுக்கு அது மிகவும் பயன்படும்.

எந்த எண், எந்த எழுத்து என்பதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்றால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். முக்கியமானது இனிமேல்தான். பிரைமரியில் இருக்கும் பிரேக்கருக்கு செகண்டரியில் நடப்பது எவ்வளவு தெரியும்?

அமெரிக்கர்களின் தேசிய மின் விதித்தொகுப்பை உதாரணத்துக்கு எடுக்கிறேன். 1897-இல் முதலில் வந்து, இன்று மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுவது. நம் நாட்டு வயரிங்குக்கு அது சட்டம் இல்லை; நமக்கு ஐ.எஸ். 732 இருக்கிறது, 2019-இல் திருத்திய பதிப்பு, கூடவே மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கென்று அமெரிக்கத் தொகுப்பின் 450-ஆம் பிரிவு ஒரு சிறு அட்டவணை தருகிறது. அதன் பின்னால் இருக்கும் சிந்தனை நமக்கு வேண்டும். 1,000 வோல்ட்டுக்கு உட்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கு பிரைமரியில் மட்டும் காவல் வைத்தால், அது பிரைமரி மின்னோட்டத்தில் 125 சதவீதத்துக்குள். அந்த அளவில் பிரேக்கர் இல்லையென்றால் அடுத்த பெரிய அளவு போடலாம். செகண்டரியிலும் 125 சதவீதத்தில் காவல் வைத்தால், பிரைமரியில் 250 சதவீதம் வரை போகலாம். மிகச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்குச் சலுகை உண்டு: பிரைமரி மின்னோட்டம் 9 ஆம்பியருக்குக் கீழே என்றால் 167 சதவீதம், 2 ஆம்பியருக்கும் கீழே என்றால் 300.

நம் 5 கே.வி.ஏ.க்குப் போட்டுப் பாருங்கள். 125 சதவீதம் என்பது 27 ஆம்பியர். 250 சதவீதம் என்பது 54. ஆக, நாற்பது ஆம்பியரே தவறு என்று இந்த அட்டவணை சொல்லவில்லை! செகண்டரியில் காவல் இருந்தால் நாற்பது போடலாம். காரணம் எளிது. செகண்டரியில் ஒரு பிரேக்கர் ஓவர்லோடைப் பார்த்துக்கொண்டால், பிரைமரி பிரேக்கருக்கு மிச்சமிருக்கும் வேலை பிரைமரி கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே நடக்கும் ஷார்ட்டும்தான். பிரைமரியைப் பெரிதாக்கும் உரிமை செகண்டரியில் காவல் வைத்தவருக்கு மட்டுமே உண்டு. நம் பட்டறைகளில் நடப்பது, அந்த உரிமையை எடுத்துக்கொண்டு காவலை வைக்காமல் விடுவது. கூடவே ஒன்று: அந்த அட்டவணை டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கிறது, கேபிளைக் காக்கவில்லை. பிரைமரியில் நாற்பது என்றால், பிரைமரி கேபிளும் நாற்பதைத் தாங்க வேண்டும். 4 சதுர மில்லிமீட்டரில் அது நடக்காது.

செகண்டரி கேபிளுக்கு வருவோம். இரண்டே கம்பிகள் கொண்ட செகண்டரி என்றால் பிரைமரி பிரேக்கர் அதைச் சுற்று விகிதத்தின் வழியாகப் பார்க்கிறது. 230 பக்கத்தில் 25 ஆம்பியர் என்றால் 110 பக்கத்தில் 52. எனவே பிரைமரியில் 25 போட்டால் செகண்டரி கேபிள் 52 ஆம்பியருக்குக் குறையாமல் தாங்க வேண்டும். குழாய்க்குள் ஓடும் பி.வி.சி. செம்பு கேபிள் 10 சதுர மில்லிமீட்டர், 30 டிகிரி வெப்பத்தில் 57 ஆம்பியர் தாங்கும். போதும் என்று தோன்றும். ஆனால் தகரக் கூரைக்கு அடியில் நம் வெயிலில் 40 டிகிரி எடுத்துக்கொள்ள வேண்டும், 0.87-ஆல் பெருக்கினால் 50-க்கும் கீழே வந்துவிடுகிறது. 16 சதுர மில்லிமீட்டர்தான் சரி. நாற்பது போட்டிருந்தால் 84 ஆம்பியருக்குக் கேபிள் தேட வேண்டும்.

இதுகூட இரண்டு கம்பி இருக்கும்வரைதான். நடு முனை எடுத்த செகண்டரியில் பிரைமரி பிரேக்கர் குருடாகவே ஆகிவிடுகிறது. பிரிட்டனில் கட்டுமான இடங்களில் கைக்கருவிகளுக்கு 110 வோல்ட் தருகிற மஞ்சள் பெட்டிகள் உண்டு. அதில் செகண்டரி 55-0-55. நடு முனை எர்த் செய்யப்பட்டிருக்கும். எந்தக் கம்பியைத் தொட்டாலும் எர்த்துக்கு 55 வோல்ட்தான். மனித உயிரை மனத்தில் வைத்து உருவாக்கிய அருமையான ஏற்பாடு அது. அமெரிக்க வீடுகளின் 120/240-உம் இதே அமைப்புதான். நம்மிடம் வரும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் நடு முனை வெளியே வந்திருப்பது சாதாரணம்.

அப்படி ஒரு 5 கே.வி.ஏ. பெட்டியில், ஒரு பாதியில் மட்டும் 55 வோல்ட் சுமையை யாரோ சேர்த்துக்கொண்டே போகிறார் என்று வையுங்கள். அந்தப் பாதியில் 91 ஆம்பியர் ஓடுகிறது. 55-ஐ 91-ஆல் பெருக்குங்கள்: 5 கே.வி.ஏ. பிரைமரியில் 21.7 ஆம்பியர், நேம் பிளேட்டில் போட்டிருக்கும் அதே எண். பிரைமரி பிரேக்கருக்குப் புகார் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பாதிக் காயில் 45 ஆம்பியருக்குச் செய்யப்பட்டது. அதில் 91 ஓடுகிறது. நான்கு மடங்கு வெப்பம். மற்றப் பாதி குளிர்ந்து கிடக்கும். இதை டி வகையாலும் தடுக்க முடியாது, 20 ஆம்பியருக்கு இறங்கினாலும் தடுக்க முடியாது. செகண்டரியின் இரு முனைகளிலும் தனித்தனியாகப் பார்க்கும் ஒரு டபுள் போல் பிரேக்கரால்தான் முடியும். பிரைமரி காவலை மட்டும் வைத்து செகண்டரி கம்பிகளையும் காத்துவிட்டதாகக் கொள்ளும் சலுகையை, அமெரிக்கத் தொகுப்பு சிங்கிள் ஃபேஸில் இரண்டு கம்பிச் செகண்டரிக்கு மட்டுமே தருகிறது. மூன்றாவது கம்பி வெளியே வந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது.

இனி என்னை மிகவும் உறுத்தும் நிலைமையைச் சொல்கிறேன். இந்த அரங்கில் இருக்கும் யாருடைய பட்டறையிலும் இன்றே இருக்கக் கூடியது.

அதே டிரான்ஸ்ஃபார்மர், பிரைமரியில் சி 40, செகண்டரியில் ஒன்றும் இல்லை. அதன் 110 வோல்ட் சாக்கெட்டிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் ஃப்ளெக்சிபிள் வயரில் 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போகிறது. அதன் கடைசியில் வயர் நசுங்கி இரண்டு கம்பியும் ஒட்டிவிட்டன. ஷார்ட் சர்க்யூட். போக வர 60 மீட்டர் கம்பி, தடை சுமார் 0.8 ஓம். டிரான்ஸ்ஃபார்மரின் உள் இம்பிடன்ஸ் 4 சதவீதம் என்று கொண்டால் 110 பக்கத்தில் அது 0.1 ஓம். மொத்தம் 0.9. பாய்வது ஏறத்தாழ 122 ஆம்பியர். பிரைமரிக்கு அது எப்படித் தெரியும்? 110/230-ஆல் பெருக்கினால் 58 ஆம்பியர். நாற்பது ஆம்பியர் பிரேக்கருக்கு 58 என்பது 1.45 மடங்கு. முன்பு சொன்னது நினைவிருக்கட்டும்: 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும்.

ஒரு முழு ஷார்ட் சர்க்யூட்டை அந்த பிரேக்கர் லேசான ஓவர்லோடாகப் பார்க்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் பி.வி.சி. வயரில் 122 ஆம்பியர் ஓடினால், கம்பி 160 டிகிரியைத் தொட சுமார் இரண்டு விநாடி போதும். பிரேக்கருக்கோ நிமிடக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. அந்த வயர் எண்ணெய்த் துணியின் மேல் போயிருக்கலாம், பஞ்சின் மேல் போயிருக்கலாம். டி 25 போட்டிருந்தால்கூட அதற்கு 58 என்பது 2.3 மடங்குதான்; தகடுதான் வேலை செய்யும், அதற்குள் வயர் உருகிவிடும்.

அந்த சாக்கெட்டுக்கு முன்னால், செகண்டரியில் ஒரு பி 16 இருந்திருந்தால் 80 ஆம்பியரிலேயே கணத்தில் விழுந்திருக்கும். பி வகையை அங்கே போடலாமா, இன்ரஷில் விழாதா என்று கேட்பீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் இன்ரஷ் பிரைமரியில் மட்டும் ஓடுகிறது. செகண்டரிக்கு அது வராது. பிரைமரியில் டி, செகண்டரியில் பி என்பது முரண் இல்லை. அந்தந்தப் பக்கத்தின் குணத்துக்கு ஏற்ற காவல். செகண்டரியில் ஓடுவது மோட்டார் கருவி என்றால் சி தேவைப்படலாம். அப்போது எக்ஸ்டென்ஷன் வயரின் நீளத்தையும் தடிப்பையும் மறு கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

மனிதரைக் காப்பது பற்றியும் பேச வேண்டும். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, ஷாக் அடித்தால் அது பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். தனிக் காயில்கள் கொண்ட டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் அந்த நம்பிக்கை செல்லாது. ஆர்.சி.சி.பி. பார்ப்பது, போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று. செகண்டரியில் ஒருவர் உடல் வழியாக எர்த்துக்குப் போகும் மின்னோட்டம் செகண்டரி காயிலுக்குத்தான் திரும்பும். பிரைமரியில் போவதும் வருவதும் சமமாகவே இருக்கும். மெயின் போர்டு ஆர்.சி.சி.பி.க்கு அந்த மனிதர் தெரியவே மாட்டார். ஆகவே செகண்டரி பக்கத்தில் தனி ஆர்.சி.சி.பி. வேண்டும். அது வேலை செய்ய வேண்டுமானால் செகண்டரியின் ஒரு முனையோ நடு முனையோ எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு கருவிக்கு, எர்த் இல்லாமல் முழுக்கத் தனித்து விட்ட செகண்டரி பாதுகாப்பான முறைதான். நாலைந்து இயந்திரங்களை அதில் மாட்டிவிட்டால் நிலைமை வேறு. ஒன்றில் ஒரு கம்பி பாடியில் பட்டால் யாருக்கும் தெரியாது, எதுவும் விழாது. இன்னொன்றில் மற்றக் கம்பி பாடியில் படும் நாள்வரை அது காத்திருக்கும்.

ஒரு சந்தேகம் முன்கூட்டியே தீரட்டும். கடையில் கிடைக்கும் "ஸ்டெப் டவுன்" பெட்டிகளில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அதில் தனிக் காயில் கிடையாது. 110 பக்கமும் 230 பக்கமும் ஒரே காயிலின் பகுதிகள். பொதுப் பகுதி அறுந்தால் 230 வோல்ட் அப்படியே இயந்திரத்துக்குப் போய்விடும். மின்சாரம் இல்லாத நிலையில் உள்ளீட்டு முனைக்கும் வெளியீட்டு முனைக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். தொடர்பு காட்டினால் அது ஆட்டோ. நான் செகண்டரி பற்றிச் சொன்ன எர்த்திங்கை அதற்குச் செய்யக் கூடாது.

அதேபோல் 110-க்கு 230 என்று செய்த பெட்டியைத் திருப்பி மாட்டுவதும் வழக்கத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் ஒழிய வேண்டாம்.   சிறிய பெட்டிகளில் வெளியீட்டு வோல்ட் சரியாக வராது.

இன்று வீடு திரும்பியதும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நேம் பிளேட்டில் கே.வி.ஏ., இரு பக்க வோல்ட், ஹெர்ட்ஸ், இம்பிடன்ஸ் சதவீதம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இம்பிடன்ஸும் இன்ரஷ் அளவும் பலகையில் இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிரைமரியில் லைனையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் பிரேக்கர். நம் உதாரணத்துக்கு டி 25, லூப் இம்பிடன்ஸ் அளந்த பிறகு. செகண்டரியில் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியே 50 ஆம்பியர் டபுள் போல் பிரேக்கர். ஒட்டியே என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மர் முனைக்கும் அந்த பிரேக்கருக்கும் நடுவே ஓடும் துண்டுக் கேபிளுக்கு வேறு காவல் கிடையாது. அதன்பின் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அதன் வயருக்கு ஏற்ற தனி பிரேக்கர். ஆர்.சி.சி.பி. வாங்கும்போது அதன் டெஸ்ட் பட்டன் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை வேலை செய்யும் என்று பாருங்கள். 230-க்கு மட்டும் செய்த பட்டன் 110-இல் அழுத்தினால் பேசாமல் இருக்கும், கருவி கெட்டுவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள்.

பட்டறை உரிமையாளர்களே, இதற்கெல்லாம் ஆகும் கூடுதல் செலவு சில பிரேக்கர்களும் ஒரு சிறு பெட்டியும்தான். உங்கள் வயர்மேன் "நாற்பது மாட்ட முடியாதுங்க" என்று சொன்னால், அவரை மாற்றாதீர்கள். அவர் கேட்கும் பொருளை வாங்கிக் கொடுங்கள்.

மாட்டி முடித்ததும் ஒரே முறை சுவிட்ச் போட்டு, விழவில்லை என்று திருப்தி அடைய வேண்டாம். சுவிட்ச் விழும் மில்லி விநாடி ஒவ்வொரு முறையும் வேறு என்பதால் ஒரு முறை நின்றதற்குப் பொருளே இல்லை. சுமை இல்லாமல், நடுவே சற்று இடைவெளி விட்டு, பத்துப் பன்னிரண்டு முறை போட்டு அணையுங்கள். அதிலும் விழுந்தால் எழுத்தையும் இன்ரஷ் கணக்கையும் பாருங்கள், எண்ணைத் தொடாதீர்கள். பிறகு முழுச் சுமையில் ஓட்டி, செகண்டரியின் ஒவ்வொரு கம்பியிலும் தனித்தனியாக கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்து, அந்த அளவுகளையும் பிரேக்கரின் எழுத்தையும் எண்ணையும் பேனல் கதவின் உட்புறம் அழியாத மையில் எழுதி வையுங்கள். அடுத்து வரும் வயர்மேன் உரிமையாளரின் அவசரத்தைக் கேட்கும் முன் அதைப் படிக்கட்டும்.